வலம்புரி ஒளியும் இடம்புரி ஒளியும்

ஒரே லேசரிலிருந்து புறப்பட்ட இரண்டு கற்றைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டின் அலைநீளமும் 1.06 மைக்ரோமீட்டர். இரண்டின் திறனும் 2 டெராவாட். பிளாஸ்மாவுக்குள் நுழையும் இடத்தில் இரண்டின் ஆரமும் 20 மைக்ரோமீட்டர். எதிரே உள்ள பிளாஸ்மாவும் ஒன்றுதான்: ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁹ எலக்ட்ரான்கள். கற்றை செல்லும் திசையிலேயே ஏறத்தாழ 1,000 டெஸ்லா காந்தப்புலம் நீண்டு கிடக்கிறது. வேறுபாடு ஒன்றே ஒன்று. முதல் கற்றையின் மின்புலம் அச்சைச் சுற்றி ஒரு பக்கமாகத் திருகியபடி முன்னேறுகிறது. இரண்டாவதன் மின்புலம் மறுபக்கமாகத் திருகுகிறது.

காந்தத்தை எடுத்துவிட்டால் இரண்டு கற்றைகளும் பிளாஸ்மாவில் ஒன்றுபோலவே குவியும். காந்தத்தை வைத்தால், ஒன்றரை மில்லிமீட்டர் கடப்பதற்குள் முதல் கற்றை ஊசிமுனையாகச் சுருங்குகிறது; இரண்டாவது மெல்ல விரியத் தொடங்குகிறது. திருகும் பக்கம் மாறியதற்கா இத்தனை பாகுபாடு? இந்த இரட்டையரை அருகருகே நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பெயர் வைத்துக்கொள்வோம். சங்கைப் பிரித்தறிய நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு. அவையே இங்கும் பொருந்தும். வலக்கைக் கட்டைவிரலைக் காந்தப்புலத்தின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கமாகத்தான் எலக்ட்ரான் அந்தப் புலத்தைச் சுற்றும். அதே பக்கமாகச் சுழலும் ஒளி வலம்புரி; நம் முதல் கற்றை அது. எதிர்ப்பக்கமாகச் சுழலும் ஒளி இடம்புரி; அது இரண்டாவது கற்றை. சங்கின் புரி சங்கோடு பிறந்தது. ஒளியின் புரியோ காந்தத்தை அளவுகோலாக வைத்துச் சொல்லப்படுவது. இந்த நுணுக்கத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

இருவருக்கும் பொதுவான சொத்து தன்குவிப்பு. வலுவான ஒளியில் ஆடும் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அதன் நிறை கூடுகிறது. கனத்த எலக்ட்ரான் ஒளிக்குக் குறைவாகவே குறுக்கே நிற்கும். கற்றையின் நடுவில் ஒளி அதிகம், ஆகவே அங்கே ஒளிவிலகல் எண்ணும் அதிகம், பிளாஸ்மாவே குவிலென்சாகிறது. தன்குவிப்பு என்ற கருத்தை அஸ்கார்யன் 1962இல் முன்வைத்தார். சார்பியல் வழியே அது பிளாஸ்மாவில் எப்படி நிகழும் என்பதை மேக்ஸ், ஆரன்ஸ், லாங்டன் மூவரும் 1974இல் எழுதினார்கள். அதே ஆண்டில் தில்லி ஐஐடியின் சோதா, கட்டக், திரிபாதி மூவரும் தன்குவிப்புக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள்.

லென்ஸ் குவிக்கப் பார்க்கிறது. ஒளி தானாகப் பரவும் விளிம்பு விளைவு விரிக்கப் பார்க்கிறது. வெற்றி யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது கற்றையின் திறன். ஒளியின் அதிர்வெண்ணை, பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் இயல்பாக ஆடும் பிளாஸ்மா அதிர்வெண்ணால் வகுத்து, வருவதை இருபடியாக்கி, 17 கிகாவாட்டால் பெருக்கினால், குவிப்பு வெல்லத் தொடங்கும் எல்லையான மாறுநிலைத் திறன் கிடைக்கும். நாம் எடுத்துக்கொண்ட பிளாஸ்மாவின் அடர்த்தி, அந்த ஒளியைத் தடுத்து நிறுத்தக்கூடிய அடர்த்தியில் ஒரு விழுக்காடு. ஆகவே மாறுநிலைத் திறன் 1.7 டெராவாட். 2 டெராவாட் கற்றைகள் இரண்டும் அந்தக் கோட்டைத் தாண்டியவையே.

இனிக் காந்தத்தை உள்ளே விடுவோம். குடைராட்டினத்தைக் கையால் தள்ளிவிடும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் சுற்றும் பக்கமாகவே அவர் ஓடினால் கை வெகுநேரம் பிடியில் இருக்கும். தள்ளு முழுதும் சேரும். எதிர்ப்பக்கமாக ஓடினால் கை பட்டதும் விலகும், தள்ளு சிதறும். வலம்புரி ஒளி முதல் ஆள், இடம்புரி ஒளி இரண்டாவது ஆள்.

இதை எண்ணில் சொல்லலாம். காந்தம் எலக்ட்ரானைச் சுற்றவைக்கும் அதிர்வெண்ணுக்குச் சைக்ளோட்ரான் அதிர்வெண் என்று பெயர். 1,000 டெஸ்லாவில் அது நம் ஒளியின் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கு. வலம்புரி ஒளியில் எலக்ட்ரானின் ஆட்டம் 0.9ஆல் வகுபட்டுப் பெருகுகிறது. இடம்புரி ஒளியில் அதே ஆட்டம் 1.1ஆல் வகுபட்டுச் சிறுக்கிறது.

பத்து விழுக்காடு ஏற்றமும் பத்து விழுக்காடு இறக்கமும் பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் அந்தக் காரணி ஒரு முறையோடு நிற்பதில்லை. எலக்ட்ரானின் நிறை கூடுவது ஆட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. காரணி இங்கே இரண்டு முறை வந்துவிட்டது. கூடிய நிறை ஒளிவிலகல் எண்ணை எவ்வளவு மாற்றும் என்று பார்க்கையில் அதே காரணி இன்னும் இரண்டு முறை வருகிறது. ஆக, மெல்லிய பிளாஸ்மாவில், செறிவு மிதமாக இருக்கும்வரை, மாறுநிலைத் திறன் நான்காம் அடுக்கில் மாறும். 0.9இன் நான்காம் அடுக்கு 0.66, 1.1இன் நான்காம் அடுக்கு 1.46. வலம்புரிக்கு மாறுநிலைத் திறன் 1.7 டெராவாட்டிலிருந்து 1.1ஆக இறங்குகிறது. இடம்புரிக்கு அது 2.5ஆக ஏறுகிறது. 2 டெராவாட் கற்றை இப்போது ஒரு கோட்டுக்கு மேலேயும் மற்றொரு கோட்டுக்குக் கீழேயும் நிற்கிறது.

இரண்டின் பின்னாலும் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம். 20 மைக்ரோமீட்டர் ஆரத்துடன் கிளம்பிய கற்றை, வெற்றிடமானால், 1.2 மில்லிமீட்டரில் தெளிவாக விரியத் தொடங்கியிருக்கும். வலம்புரியின் திறன் அதன் மாறுநிலைத் திறனைப்போல 1.8 மடங்கு, விரிவை வென்று மிச்சமும் கையில் இருக்கிறது. அச்சுக்கு அருகில் செல்லும் கதிர்களை மட்டும் வைத்துப் போடும் எளிய கணக்கில், 1.3 மில்லிமீட்டரில் அது குவிந்துவிடும். இடம்புரியின் திறன் அதன் மாறுநிலைத் திறனில் 0.8 பங்கு; விரிவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அடங்காமல் எஞ்சுகிறது. அதே 1.3 மில்லிமீட்டரில் அதன் ஆரம் 22 மைக்ரோமீட்டர். 12 மில்லிமீட்டர் போனபின் அது 90 மைக்ரோமீட்டரைத் தொடும். வெற்றிடத்தில் அதே தூரத்தில் 200 ஆகியிருக்கும்.

இங்கே நடுவுநிலையோடு ஒன்றைச் சொல்லவேண்டும். இடம்புரியைத் தோற்ற கற்றை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அதுவும் தன்னைக் குவித்துக்கொண்டேதான் போகிறது. விரிவின் பெரும்பகுதியை அதுவும் ஈடுசெய்துவிட்டது. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஒன்றுக்கு அந்த வேலை கூடுதல் செலவாகிறது, அவ்வளவே.

காந்தத்தை வலுப்படுத்தினால் நான்காம் அடுக்கு தன் சுயரூபத்தைக் காட்டும். சைக்ளோட்ரான் அதிர்வெண் ஒளியின் அதிர்வெண்ணில் பாதியானால், வலம்புரியின் மாறுநிலைத் திறன் பதினாறில் ஒரு பங்காகச் சரியும். இடம்புரியின் மாறுநிலைத் திறன் ஐந்து மடங்காக ஏறும். இரண்டுக்கும் இடையே 81 மடங்கு இடைவெளி. ஒளி திருகும் பக்கம் என்ற ஒற்றைத் தகவல், 81 மடங்கு திறனுக்கு ஈடான மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

ஆயிரம் டெஸ்லா அளவு காந்தப்புலம் கிடைக்கும் இடங்களே அரிது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் 2018இல் 1,200 டெஸ்லாவை எட்டினார்கள். செம்பு வளையம் ஒன்றை மின்காந்த விசையால் உள்நோக்கி நசுக்கி, அதனுள் சிறைப்பட்ட காந்தப்புலத்தைச் செறிவூட்டும் முறை அது; இது முதல் வழி. அந்த விசையைத் தரும் சுருள் ஒவ்வொரு முறையும் சிதறிப்போகும். புலம் நீடிப்பது மைக்ரோவினாடிக் கணக்கில்தான். நமக்கு அது சொற்பம், ஒளிக்கோ யுகம். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ மூன்றே கால் பிகோவினாடி போதும், ஒரு மைக்ரோவினாடியோ பத்து லட்சம் பிகோவினாடி. கற்றை உள்ளே இருக்கும் நேரத்தில் அந்தக் காந்தம் கல்லாக நிற்பதற்குச் சமம்.

இரண்டாவது வழி, காந்தத்தை ஏற்றுவதற்குப் பதில் ஒளியின் அலைநீளத்தைக் கூட்டுவது. 10 மைக்ரோமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்ட கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு, அதே பத்தில் ஒரு பங்கு விகிதத்தைத் தர ஏறத்தாழ 100 டெஸ்லாவே போதும். லாஸ் அலமோஸில் 2012இல் காந்தத்தை உடைக்காமலே அந்த 100 டெஸ்லாவை எட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வழி, காந்தத்தை லேசரைக் கொண்டே படைப்பது. திண்மப் பரப்பில் லேசரைப் பாய்ச்சி, இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்திலும் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் பிறந்த பிரம்மாண்டப் புலங்களைப் பற்றிய ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன. அந்தப் புலங்களை அளக்க உதவிய அளவுகோல் எது தெரியுமா? காந்தத்துக்குள் புகுந்த ஒளியின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் அதிரும் விதம், எப்படி மாறிவிட்டது என்பதே. காந்தம் ஒளிகளிடையே காட்டும் பாகுபாட்டைக் கொண்டு காந்தத்தையே அளந்தார்கள்.

இனி, இந்த இரட்டையரிடையே வேற்றுமை மறையும் இடங்களைத் தேடுவோம். முதல் இடம் வெப்பம். நானோவினாடிக் கணக்கில் நீளும் துடிப்புகளில், நிறைமாற்றத்தைவிடப் பிளாஸ்மா சூடாவதே பெரிய வேலை செய்யும். கற்றையின் நடுப்பகுதி சூடேறி விரிந்து, அடர்த்தி குறைந்து, லென்ஸ் உருவாகும். கற்றையின் திசையில் நீளும் காந்தப்புலம் வெப்பம் பக்கவாட்டில் கசிவதைத் தடுப்பதால் இந்தக் குவிப்பு வலுக்கும். அதற்கு ஆயிரம் டெஸ்லாவும் தேவையில்லை. இங்கே வலம்புரி என்றும் இடம்புரி என்றும் பாகுபாடு ஏறத்தாழ இல்லை. சூட்டுக்குப் புரி கிடையாது.

இரண்டாவது இடம் கண்ணாடி. ஒளியியல் வகுப்பில், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வட்டத் தளவிளைவு ஒளியின் புரி மாறிவிடும் என்று படித்திருப்போம். அங்கே புரியைச் சொல்வது ஒளி செல்லும் திசையை வைத்து. நம் பிளாஸ்மாவில் காந்தத்தின் திசையை வைத்துச் சொல்கிறோம். திரும்பி வரும் ஒளியின் மின்புலம் முன்பு சுழன்ற பக்கமாகவேதான் சுழல்கிறது. செல்லும் திசை மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே வலம்புரியாகப் போனது வலம்புரியாகவே திரும்பும், இடம்புரியும் அப்படியே. ஆனால் ஒளியைத் தொடாமல் காந்தத்தை மட்டும் திருப்பி வைத்தால், ஒரு நொடியில் இரண்டும் பெயரை மாற்றிக்கொள்ளும். குவிந்தது விரியும், விரிந்தது குவியும். ஒளியில் நாம் தேடிய குணம் ஒளியில் இல்லை, உறவில் இருக்கிறது. பெரிய லேசர்களில், திரும்பி வரும் ஒளி கருவியையே எரித்துவிடாமல் காக்கும் ஃபாரடே தடுப்பான் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது இடம் நேர்கோட்டில் அதிரும் சாதாரண லேசர் ஒளி. அது வலம்புரியும் இடம்புரியும் சம பங்காகக் கலந்தது. காந்தப் பிளாஸ்மாவில் வலம்புரிப் பங்கின் அலைமுகடுகள் சற்று முந்துகின்றன. இடம்புரிப் பங்கினுடையவை சற்றுப் பிந்துகின்றன. அதனால் அதிர்வின் தளம் திரும்பிக்கொண்டே போகிறது. 1845இல் மைக்கேல் ஃபாரடே கனமான கண்ணாடித் துண்டில் கண்ட சுழற்சி இதுவே; நம் பிளாஸ்மாவில் அது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ அரைச் சுற்று. அப்படியானால் வலம்புரிப் பங்கு நடுவில் குவிந்து, இடம்புரிப் பங்கு சுற்றிலும் விரிந்து, ஒரே கற்றை இரண்டாகப் பிரிந்துவிடாதா? அந்தச் சாய்வு உண்டு. ஆனால் முழுப் பிரிவினையை எலக்ட்ரான் அனுமதிப்பதில்லை. எலக்ட்ரானுக்கு இருப்பது ஒரே நிறை. வலம்புரிப் பங்கு கூட்டிய நிறையை இடம்புரிப் பங்கும் அனுபவிக்கும். ஒன்று கட்டிய லென்ஸ் வழியே மற்றதும் போகும். தனித்தனியே கணக்குப் போட்டால் பகையாளிகளாகத் தெரிந்தவை, கூடி வாழும்போது ஒரு வீட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

நான்காவது இடமே எல்லாவற்றிலும் வியப்பானது. எலக்ட்ரானின் நிறை கூடினால் காந்தம் அதைச் சுற்றவைக்கும் வேகம் குறையும். வலம்புரியின் பலம், அதன் அதிர்வெண்ணுக்கும் எலக்ட்ரானின் சுற்றுக்கும் இருந்த நெருக்கம். ஒளி செறியச் செறிய நிறை கூடும். நிறை கூடக் கூடச் சுற்று மந்தமாகும். சுற்று மந்தமானால் நெருக்கம் கலையும். வலம்புரி எந்த உதவியால் குவிந்ததோ, அந்த உதவியைக் குவிந்ததாலேயே இழக்கிறது. இடம்புரியின் கதை இதன் பிம்பம். அதன் சுமை, எலக்ட்ரானின் சுற்றுக்கு எதிராக ஓடவேண்டியிருந்தது. கூடுதல் திறனோடு அனுப்பி அதையும் குவியவைத்தால், எலக்ட்ரான் கனத்து, அந்த எதிர்ப்பும் தணிந்துவிடும். தடையைத் தாண்டியதாலேயே தடை மறைகிறது.

எண்களைப் பாருங்கள். ஒளியின் வலிமையைக் குறிக்க இயற்பியலாளர் பயன்படுத்தும் அலகற்ற எண் ஒன்று உண்டு. அது 1ஐத் தொட்டால் எலக்ட்ரான் சார்பியல் வேகத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த எண் மிகச் சிறியதாக இருக்கும்போது, நம் 1,000 டெஸ்லாவில், இரண்டு ஒளிகளும் எலக்ட்ரானுக்குத் தரும் குறுக்கு உந்தங்களிடையே 20 விழுக்காடு வேறுபாடு. அதே எண் 10 ஆகும்போது வலம்புரி தரும் உந்தம் 10.1, இடம்புரி தருவது 9.9, வேறுபாடு 2 விழுக்காடு. காந்தம் அதே காந்தம்தான். ஆனால் ஒளி வலுத்துவிட்டால் காந்தத்தின் பார்வைக்கு இருவரும் ஒருவராகத் தெரிகிறார்கள். அப்படியானால் காந்தத்தின் பாகுபாடு தன்குவிப்பில் செல்லுபடியாவது ஒரு நடுப்பகுதியில் மட்டுமே. ஒளி மிகவும் மெலிந்திருந்தால் குவிப்பே இல்லை. மிகவும் வலுத்திருந்தால் குவிப்பில் வேற்றுமை இல்லை. மாறுநிலைத் திறனை ஒட்டிய குறுகிய வாசலில்தான், யார் உள்ளே போகலாம் என்று காந்தம் சோதிக்கிறது. வாசலைத் தாண்டியபின் அதன் குரல் எடுபடுவதில்லை.

மறுகோடியையும் ஒரு கணம் எட்டிப்பார்ப்போம். சைக்ளோட்ரான் அதிர்வெண் ஒளியின் அதிர்வெண்ணையே விஞ்சிவிட்டால், வலம்புரி எத்தனை அடர்ந்த பிளாஸ்மாவுக்குள்ளும் நுழையும். இடம்புரி ஓர் அடர்த்திக்கு மேல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். நம் லேசருக்கு அதற்குப் பத்தாயிரம் டெஸ்லாவுக்கு மேல் வேண்டும். வானத்தில் இதுவே தினசரி நடப்பு. மின்னலில் பிறக்கும் தாழ் அதிர்வெண் வானொலி அலைகள், பூமியின் மெல்லிய காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு அயனிமண்டலத்தையும் தாண்டி மேலே சென்று மறு அரைக்கோளம்வரை போய்வருகின்றன. ஒலிபெருக்கியில் கேட்டால் சீட்டியொலிபோல் இறங்கும் அந்த அலைகளின் வழித்தடத்தை ஓவன் ஸ்டோரி 1953இல் விளக்கினார். அவை நம் வலம்புரியின் சொந்தங்கள். ஆய்வகத்தில் பத்தாயிரம் டெஸ்லாவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும். வானத்தில் சில பத்து மைக்ரோ டெஸ்லாவும் கிலோமீட்டர் நீள அலைகளும். விகிதம் ஒத்துப்போனால் நியதியும் ஒத்துப்போகிறது.

கடைசியாக, வெளியிலிருந்து எந்தக் காந்தத்தையும் வைக்காத பிளாஸ்மாவுக்கே திரும்புவோம். அங்கே இரண்டும் சமம் என்று தொடக்கத்தில் சொன்னோம். ஆனால் சுழலும் ஒளி எலக்ட்ரான்களையும் சுழலவைக்கும். சுழலும் மின்னேற்றம் மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் காந்தம் பிறக்கும். ஃபாரடே விளைவைத் தலைகீழாக்கிய இந்த நிகழ்வை, மெல்லிய பிளாஸ்மாவில் வலுவான லேசரைச் செலுத்திய ஆய்வொன்றில் அளந்த முடிவுகள் 2001இல் வெளியாயின; புலங்கள் நூற்றுக்கணக்கான டெஸ்லா அளவில் இருந்தன. ஒரு பக்கமாகச் சுழலும் கற்றை ஒரு திசையில் காந்தத்தை உண்டாக்கும். மறுபக்கமாகச் சுழலும் கற்றை நேர் எதிர்த்திசையில் உண்டாக்கும். எலக்ட்ரானின் மின்னேற்றம் எதிர்க்குறி கொண்டது. ஆகவே எளிய சுற்றுப்பாதைக் கணக்குப்படி, ஒளி சுழலும் பக்கமாக வலக்கை விரல்களை மடக்கினால், பிறந்த காந்தம் கட்டைவிரலுக்கு எதிர்த்திசையில் இருக்கும். அந்தக் காந்தத்தை அளவுகோலாக வைத்து இரண்டு கற்றைகளுக்கும் மறுபடி பெயர் வைத்துப் பாருங்கள். முதல் கற்றை இடம்புரி. இரண்டாவதும் இடம்புரிதான்.